எட்டாம் ஜன்னல்

1 ஜூன் 1987, திங்கள்

மழை இன்னும் இல்லை. வானம் மூடி மூடித் திறக்கிறது, சொட்டு விழவில்லை. புழுக்கம். காக்கா, என் அண்ணன், கூரைக்குத் தார்ப்பாய் கட்டி முடித்துவிட்டான். பட்டறை கீழே, நாங்கள் மேலே. தோல் வாடையும் பசை வாடையும் ஏணி வழியாக நேராக என் தலையணைக்கு.

இன்றைய வேலை:
– ஆபீஸில் சார் கூட்டத்துக்குத் திரையில் காட்டும் ஃபிலிம் தாள்கள் ஏழு, மையால் எழுத (ஆறு முடிந்தது)
– நிரந்தர வேலைக்கான ஃபார்ம், சார் மேஜையில் வைக்க
– காக்கா பெண்டாட்டி மைனிக்கு மண்ணெண்ணெய்
– என் செருப்பு வார் தைக்க (செருப்புப் பட்டறை வீட்டில் அறுந்த செருப்போடு அலைகிறவள் நான் ஒருத்திதான்)

ஃபார்ம் வைத்துவிட்டேன். கொடுக்கக் கடைசி நாள் எட்டாம் தேதி, திங்கள். என் தற்காலிக வேலை இந்த மாதம் முப்பதோடு சரி. நாலு வருஷமாக ஆறு மாதம், ஆறு மாதம் என்று நீட்டி வந்தார்கள். இனி நீட்ட முடியாதாம். ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. வீடு என்றால் அம்பர்நாத். காக்கா மாப்பிள்ளை பார்த்தே வைத்திருக்கிறான், ஃபாக்டரியில் சூப்பர்வைசர். ஆள் எப்படியோ இருக்கட்டும், அம்பர்நாத்தில் இருந்துகொண்டு செம்பூர் ஆபீஸுக்குத் தினமும் வந்துபோக விடுவார்களா?

சார் தலை நிமிரவில்லை. "வெச்சுட்டுப் போம்மா. ஊருக்குப் போறதுக்குள்ள போட்டுடறேன்." வெள்ளி காலை தாதரில் ரயில். பெங்களூரில் திங்கட்கிழமை கூட்டம். மாட்டுங்காவில் அவர் வீட்டு மாமி இப்போதே முறுக்கு சுற்றத் தொடங்கிவிட்டாராம்.

சாயங்காலம் மைனி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "நாலு வருசமா போற. அங்க என்னத்தத்தான் செய்யுத?"

சொன்னேன். உப்பைத் தண்ணீரில் போட்டால் இரண்டு பாதியாகப் பிரியும். அந்த இரண்டு பாதியும் ஒட்டி இருக்க ஆசைப்படுகின்றனவா, நடுவில் தண்ணீரை விட்டு விலகி இருக்க ஆசைப்படுகின்றனவா? கம்ப்யூட்டருக்குள் அந்த இரண்டையும், சுற்றிலும் தண்ணீரையும் கணக்காக ஓடவிட்டு, எந்தத் தூரம் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு கோடு போடுவது. கோடு தாழ்ந்தால் அந்த இடம் பிடிக்கிறது. உயர்ந்தால் பிடிக்கவில்லை. அதுதான் ஃப்ரீ எனர்ஜி கோடு. சும்மா விட்டால் இரண்டும் பள்ளத்திலேயே கிடக்கும், மேட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் ஒரு ஸ்பிரிங் கட்டி, இந்தத் தூரத்தைச் சுற்றியே கிட என்று பிடித்துவைத்து ஓட்ட வேண்டும். பிறகு ஸ்பிரிங்கின் பங்கைக் கழித்துவிட வேண்டும். அப்படிப் பதினொரு தூரம். பதினொரு ஜன்னல் என்போம். ஒரு ஜன்னலுக்குக் கோட்டில் ஒரு துண்டு.

"துண்டு துண்டாவா வரும்?"

"ஆமா மைனி. துண்டு எப்படி வளையுதுன்னுதான் தெரியும். எந்த ஒயரத்துல வைக்கணும்னு தெரியாது."

அதற்குத்தான் நான். ஒவ்வொரு துண்டையும் டிரேசிங் தாளில் வரைந்து, பெரிய கிராஃப் தாள் மேல் வைத்து, ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே கீழே நகர்த்தி, ஓரமும் ஓரமும் சேர்கிற இடத்தில் டேப் போட வேண்டும்.

"அப்ப நீயும் ஒட்டுப் போடுத வேலதானா? இதுக்கா எம்மெஸ்ஸி!"

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் இந்த ஒட்டில் ஒரு பெரிய விஷயம் வந்திருக்கிறது. உப்பின் இரண்டு பாதிக்கும் விலகி இருக்கத்தான் பிடிக்கிறதாம். ஒட்டி இருப்பதைவிடக் கீழே போகிறது கோடு. யாரும் எதிர்பார்க்காதது. எல்லாம் எட்டாம் ஜன்னலில் வருகிற இறக்கத்தால். சார் அதை "நம்ம இறக்கம்" என்கிறார், வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல்.

2 ஜூன், செவ்வாய்

 வரிசையாக எழுதுகிறேன், அப்போதாவது தெளிகிறதா பார்ப்போம்.

காலை ஏழு மணி. கீழே காக்கா போட்ட சத்தத்தில் ஏணி அதிர்ந்தது.

"லேய் செல்லத்துரை, என்னல இது? இதுவும் வலது, இதுவும் வலது! ஊருல எல்லாவனுக்கும் ரெண்டும் வலது காலா இருக்கு?"

செல்லத்துரை அண்ணன் தோல் வெட்டுகிறவர். காக்காவிடம் பத்து வருஷம். மூன்று டஜன் ஜோடிக்கு மேல்தோல் வெட்டியிருக்கிறார், அத்தனையும் வலது கால். ஒரு காலுக்கு அளவு அட்டையை நேராக வைத்து வெட்டுவார்கள், மறு காலுக்கு அதே அட்டையைத் திருப்பிப் போட்டு.

"அட்ட புழுக்கத்துல வளைஞ்சு கெடந்துச்சு பாய். வலது வெட்டுன பெறவு நிமுரட்டும்னு கவுத்து வச்சேன். கவுத்ததையே மறந்துட்டேன். இடதுக்குன்னு திருப்புனது மறுபடி வலதாயிப் போச்சு."

"மூலையில ஓட்ட போடுன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்? ஓட்ட வலப்பக்கம் இருந்தா நேரு, இடப்பக்கம் இருந்தா கவுந்து கெடக்கு. கண்ண மூடிட்டு வெட்டலாம்லா?"

"புது அட்ட பாய். போட விட்டுப் போச்சு."

"சொல்லாம பொட்டியில அடுக்கி அனுப்பியிருந்தேன்னா?"

"அனுப்பத்தான் நெனச்சேன். பயம். பெறவு மாஹிம் கடக்காரன் காலுல போட்டுப் பாக்காமலா இருப்பான்னு வந்து சொல்லிட்டேன்."

காக்கா சிரித்துவிட்டான். திட்டிக்கொண்டே சிரித்தான். ஏணியில் சாயா கிளாஸோடு நின்ற நானும் சிரித்தேன். அடுத்த மடக்கு குடிக்காமல் கிளாஸைப் படியில் வைத்தேன்.

மே மாதம். ஆபீஸ். புழுக்கத்தில் டிரேசிங் தாள் சுருண்டது. நிமிரட்டும் என்று எட்டாம் தாளை நானும்தான் கவிழ்த்து வைத்தேன், டிக்‌ஷனரியை மேலே ஏற்றி. மறுநாள் எடுத்து ஒட்டினேன். திருப்பினேனா?

சயானில் பஸ். செம்பூர் வரை நின்றுகொண்டே. யார் காலையோ மிதித்தேன், அந்தம்மா மராத்தியில் திட்டினாள், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் சார் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் போனேன். எட்டாம் ஜன்னல் தாள், ஜ.8, அதன் மேல் விரலால் தேய்த்தேன். சுத்தமாக இருந்தது. டேப்பைப் பிரித்து அடிப்பக்கம் தேய்த்தேன். விரல் கறுப்பு. பென்சில் அடிப்பக்கம் இருக்கிறது. தாள் கவிழ்ந்திருக்கிறது. துண்டு இடவலமாக மாறிக் கிடக்கிறது.

எப்படி யார் கண்ணிலும் படவில்லை? தாளில் இருப்பது கோடு, இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னக் குறி, மேலே நடுவில் ஜன்னல் எண். அவ்வளவுதான். 2, 3, 4, 5, 6, 7, 9, 10 எல்லாம் கவிழ்ந்தால் எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். எட்டு எப்படிப் போட்டாலும் எட்டு.

திருப்பி நேராக வைத்துப் பார்த்தேன். இறக்கம் ஏற்றமானது. ஒன்பதும் பத்தும் பதினொன்றும் சேர்ந்து மேலே ஏறின. ஒட்டி இருப்பதுதான் பிடிக்கிறது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பழைய கதை. ஓரங்கள் முன்னைவிட நன்றாகச் சேர்ந்தன. முன்பு ஒன்பதோடு சேருமிடத்தில் ஒரு முறிவு இருந்தது. "இரைச்சல்தான், நெரவிடு" என்றார் சார். நான்தான் வளைவு அட்டையை வைத்து நிரவினேன்.

பழையபடியே கவிழ்த்து ஒட்டிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? யா ரப்பே, திருடி மாதிரி.

3 ஜூன், புதன்

மழை இல்லை. தூக்கம் இல்லை.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று போனேன். சார் அறையில் பக்கத்துப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர். சார் ஏழாவது ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இதுதான் ஷரிபா போட்ட கோடு. இந்தப் பொண்ணு கை இல்லேன்னா இந்த இறக்கம் எங்கேர்ந்து வரும்?" அவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய. தலை வலிக்கிறது என்று வெளியே வந்தேன்.

சொல்வதற்கு முன் கையில் ஏதாவது வேண்டும். பென்சில் எந்தப் பக்கம் என்பது ஒரு ஆதாரமா? ஒருவேளை நான் வரையும்போதே தாளைப் பின்பக்கமாக வைத்து, இடவலம் மாற்றி வரைந்திருந்தால்? அப்படியானால் கண்ணாடியில் இருப்பதே சரி, சொன்னால் நானே நல்ல காரியத்தைக் கெடுத்தவள். மூல எண்கள் வேண்டும்.

1) எண்கள் பதிந்த கம்ப்யூட்டர் டேப். கம்ப்யூட்டர் அறை சாவந்த்தைக் கேட்டேன். "அரே மேடம், மார்ச் கா டேப்? வோ தோ கபி கா சலா கயா." டேப் தட்டுப்பாடு, மேலே வேறு யாருடைய வேலையையோ எழுதிவிட்டார்கள்.

2) அச்சான காகிதம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கோடு வரைந்து முடிந்த காகிதக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவது நான்தான். எல்லோரும் செய்வதுதான், எப்படியும் குப்பைக்குப் போகிறது. காக்கா அதில் செருப்பு சுற்றுகிறான். அகலக் காகிதம், ஒரு தாளில் ஒரு ஜோடி.

சாயங்காலம் பட்டறையைக் கிளறினேன். பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். ஐந்தாம் ஜன்னல் ஒரு லேடீஸ் செருப்பில் கிடைத்தது. ஏழு, அரைத் தாள். எட்டு இல்லை.

"என்னட்டி தேடுத?" என்றான் காக்கா.

"ஒரு பேப்பரு."

"மாஹிமுக்குப் போன வாரம் ஆறு பொட்டி போச்சு. அதுல இருக்கும்."

3) மறுபடி ஓட்டுவது. இதை மட்டும் செய்துவிட்டேன், புறப்படும் முன். சாரைக் கேட்காமல் ஜ.8ஐ வரிசையில் போட்டேன். சாவந்த் "ஃபிர் ஸே? கியோன்?" என்று காரணம் கேட்டார். சார் கேட்டார் என்றேன். பொய். ஆறு நாள் ஆகும், செவ்வாய்க்கிழமை வரும். கூட்டமோ திங்கள்.

4 ஜூன், வியாழன்

அரை நாள் லீவு. மாஹிம் கடை. கடைக்காரர் குஜராத்தி, காக்காவுக்குப் பழக்கம். பெட்டிகளைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "சப்பல் சாஹியே கி காகஸ்?" செருப்பு வேண்டுமா காகிதமா என்று சிரித்தார். காகிதம்தான் என்றதும் சிரிப்பு நின்றது. உட்கார்ந்து நாற்பது ஜோடி பிரித்துச் சுற்றினேன். இரண்டாம் ஜன்னல், நாலாம் ஜன்னல், யாருடையதோ சம்பளப் பட்டியல். எட்டு எந்தப் பெண்ணின் காலோடு எங்கே போயிற்றோ. காகிதத்தைக் கசக்கி எறிந்திருப்பாள்.

மத்தியானம் ஆபீஸ். சார் கிளம்பிவிட்டார், துணி எடுத்து வைக்க வேண்டுமாம். அறை பூட்டியிருந்தது. மாட்டுங்கா வீடு தெரியும். பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். அங்கே போனால் மாமி காபி கொடுப்பார், உட்காரச் சொல்வார், அந்த முறுக்கைத் தின்றுகொண்டு எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பயப்படுவது எதற்கு என்று எழுதிப் பார்க்கிறேன்:
– ஃபார்மில் கையெழுத்துப் போடமாட்டார்
– போட்டாலும் இனி என் கோட்டை நம்பமாட்டார்
– கூட்டத்தில் யாராவது பெரிய ஆள் எழுந்து, "அந்த முறிவு என்ன?" என்று கேட்டால் சார் முகம்
– யாருமே கேட்காவிட்டால்

கடைசியதுதான் அதிகப் பயம். கைதட்டிவிட்டால், அச்சாகிவிட்டால், வேறு ஊர்க்காரர்கள் அதை நம்பிக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டால், நான் முப்பது வருஷம் நிரந்தர வேலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மைனி சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். "அம்பர்நாத்துக்காரன நெனச்சா பசியெடுக்கலயோ" என்றாள். சிரிக்கக்கூட முடியவில்லை.

5 ஜூன், வெள்ளி

ஆறரைக்கு ஆபீஸ் போய், ஜ.8ஐப் பிரித்து, ஒரு செருப்புப் பெட்டியில் மடங்காமல் வைத்து எடுத்துக்கொண்டு தாதர். அறைச் சாவி கொடுத்த வாட்ச்மேன் ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. மேம்பாலத்தில் கூட்டம். பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினேன். தைத்த வார் மறுபடி அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. சார் ஜன்னலோரம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, இதுக்காகவா ஓடி வந்தே? ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாச்சும்மா. என் டிராயர்ல இருக்கு. நீயே எடுத்துக் குடுத்துடு."

அந்த ஒரு நொடி. திரும்பிப் போயிருக்கலாம். "தாங்க்ஸ் சார், நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று கையசைத்திருக்கலாம். நாக்கு அதற்குத்தான் புரண்டது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். சார் செருப்பு என்று நினைத்திருப்பார்.

"சார், எட்டு கவுந்திருக்கு."

"என்னது?"

"எட்டாம் ஜன்னல் சார். தாளத் திருப்பி ஒட்டிட்டேன். நான்தான். எறக்கம் இல்ல சார், ஏத்தம்."

ஜன்னல் கம்பி வழியாகத் தாளை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் கட்டைவிரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார். திருப்பி அடுத்த பக்கம் தேய்த்தார், விரலைப் பார்த்தார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த ஆள் சாரையும் என்னையும் என் கையில் இருந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்போ தெரியும்?"

"செவ்வாக்கெழம சார்."

"இன்னிக்கு வெள்ளி." குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்தான்."

"வரையறச்சயே பின்பக்கமா வரைஞ்சிருந்தா?"

"அதையும் யோசிச்சேன் சார். மூல எண் எதுவும் இல்ல. மறுபடி ஓடவிட்டிருக்கேன். செவ்வாதான் வரும்."

"திங்கள் பேசணும். செவ்வாய் வருமாம்."

வண்டி நகர்ந்துவிட்டது. கூட நடந்தேன். தாளைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன், அதைத் தன் பைக்குள் வைத்தார்.  பிளாட்பாரம் முடியும்வரை அவர் முகம் தெரிந்தது, என்னைப் பார்க்கவில்லை.

வெறுங்காலோடு செம்பூர் பஸ். காலில் தார் ஒட்டியது.

6 ஜூன், சனி

வேர்க்குரு. மேகம் வந்து போனது.

இப்போது என்னிடம் எட்டாம் தாளும் இல்லை. சார் அதைக் கிழித்து ரயிலுக்கு வெளியே விட்டிருந்தால் நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு. சார் அப்படிச் செய்கிற ஆளில்லை. அப்படிச் செய்கிற ஆளில்லை என்று நாலு தடவை எழுதத் தோன்றுகிறது, அதனால் நிறுத்துகிறேன்.

இன்னொரு பயம், புதிது. ஓட்டம் முடிந்து வருகிற எட்டு இறங்கினால்? நான் பின்பக்கம்தான் வரைந்திருக்கிறேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றால்? பத்து வருஷத்தில் வந்த ஒரு கூட்டத்துக்குப் போகிற மனுஷனை ரயிலேறும் நேரத்தில் கலக்கியவள் ஆவேன். எது வந்தால் நல்லது என்று துஆ கேட்பது என்றே தெரியவில்லை. சும்மா கையை ஏந்தி உட்கார்ந்திருந்தேன்.

காக்காவிடம் சொன்னேன், கொஞ்சமாக. ஒரு தாள் கவிழ்ந்துபோயிற்று என்று மட்டும்.

"ஓட்ட போடலயா?"

"போடல காக்கா."

"நாலு வருசமா இந்த வீட்டுல இருந்துக்கிட்டா?" தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கீழே போய்ப் பட்டறையில் துளை போடுகிற பஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து என் பையில் வைத்தான். 

8 ஜூன், திங்கள்

காலையில் தூறல், ஐந்து நிமிஷம். தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். நின்றுவிட்டது.

டிராயர் பூட்டவில்லை. ஃபார்ம் இருக்கிறது. "நம்பகமானவர், மிகுந்த கவனமுடையவர், நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி 4. வியாழக்கிழமை. மாஹிம் கடையில் உட்கார்ந்து நான் செருப்பு பிரித்த நேரத்தில் போட்டிருப்பார்.

ஐந்து மணிக்குள் நிர்வாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாடியேறினேன். கவுன்டரில் இரண்டு பேர் எனக்கு முன்னால். "மிகுந்த கவனமுடையவர்." என் முறை வந்தது. கிளார்க் கை நீட்டினார். நான் "நாளைக்கு வரேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். "கல் நஹீ சலேகா, ஆஜ் லாஸ்ட்" என்றார், நாளை ஆகாதாம். தெரியும் என்றேன். இறங்கி வந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுக்கவும் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம். இரண்டில் இந்தப் பயத்தோடு சாப்பிட முடியும்போலத் தோன்றியது, அவ்வளவுதான்.

இப்போது ஐந்தரை. பெங்களூரில் பேசி முடித்திருப்பார். இறக்கத்தைக் காட்டியிருப்பாரா?

ராத்திரி வீட்டில் மைனியிடம் அம்பர்நாத்துக்கு எந்தெந்த நேரத்தில் லோக்கல் ரயில் என்று கேட்டேன். அவள் சந்தோஷப்பட்டுவிட்டாள். பாவம்.

9 ஜூன், செவ்வாய்

மழை. நிஜமான மழை. சயானில் முழங்கால் தண்ணீர். பத்தரைக்குத்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன், பாவாடை வரை நனைந்து.

சாவந்த் காகிதக் கட்டை நீட்டினார். "ஆப்கா ஆட் நம்பர்." என் எட்டாம் ஜன்னல். வாங்கிக்கொண்டு சார் அறைக்குப் போனேன். முதல் காரியம், புதுத் தாளின் வலது மேல் மூலையில் ஓட்டை போட்டேன். பிறகு புள்ளி வைத்தேன். இடமிருந்து வலம், ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி. மூன்றாவது புள்ளியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை வைத்தேன்.

ஏறுகிறது.

அழுதேனா? கொஞ்சம். தப்பு என்னுடையது என்று உறுதியானதற்கு யாராவது சந்தோஷத்தில் அழுவார்களா?

பன்னிரண்டு மணிக்கு டிரங்க் கால். பெங்களூர். மழையில் லைன் கொரகொரவென்று.

"வந்துடுத்தா?"

"வந்துருச்சு சார்."

"படி."

கத்திக் கத்தி எண்களைப் படித்தேன்.  முடித்ததும், "ஏர்றது" என்றார்.

"ஆமா சார்."

"சரி."

கேட்காமலிருக்க முடியவில்லை. "நேத்து எறக்கத்தக் காட்டுனீங்களா சார்?"

"ஏழாம் ஜன்னலோட நிறுத்திண்டேன். மிச்சம் என்னன்னு கேட்டா. என்னோட வேலை பண்றவ தப்பு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா, பாத்துண்டிருக்கான்னேன். பேர் என்னன்னான். சொன்னேன்." லைன் கொரகொரத்தது. "ஃபார்ம் குடுத்துட்டியா?"

"இல்ல சார்."

"ஏன்? நேத்திக்குத்தானே கடைசி?"

"நீங்க தெரியாம போட்ட கையெழுத்து சார் அது."

மறுபடி கொரகொரப்பு. 

"வியாழக்கெழமை வரேன். புதுசா ஒரு ஃபார்ம் வாங்கி வை. தெரிஞ்சு போடறேன். மேல நான் பேசிக்கறேன், வாங்கிப்பாளோ மாட்டாளோ, பேசிப் பாக்கறேன்."

"சார்..."

"அது கெடக்கட்டும். இன்னொண்ணு சொல்லு. ரயில்ல ராத்திரி பூரா யோசிச்சேன். எட்டு எப்படிப் போட்டாலும் எட்டு, சரி. நீ ஒண்ணு எப்படி எழுதுவே? வெறும் கோடுதானே? அப்போ ஒண்ணும் பதினொண்ணும்? அதையெல்லாம் தேய்ச்சுப் பாத்தியா?"

கீக் கீக் என்று மூன்று நிமிஷ மணி. லைன் அறுந்தது.

பார்க்கவில்லை. எட்டைக் கண்டதும் மற்றதை மறந்தே போனேன். பதினொன்று கடைசி ஜன்னல், கிட்டத்தட்ட மட்டமான கோடு, கவிழ்ந்தாலும் பெரிதாக மாறாது. கிட்டத்தட்ட என்றுதான் அந்த முறிவையும் நிரவினேன்.

ஜன்னல் கண்ணாடியில் மழை அடிக்கிறது, தாள்கள் எல்லாம் ஓரம் சுருண்டு நிற்கின்றன. ஒன்றாம் ஜன்னல் தாளைத் தேய்த்துப் பார்த்தேன். மேல்பக்கம் கறுப்பு. சரியாக இருக்கிறது. பதினொன்றின் டேப்பில் நகத்தை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். கை ஈரம். துடைத்துக்கொண்டு மறுபடி நகத்தை வைக்கிறேன்.